வீட்டில் தோட்டா நிரப்ப பிரஸ் வாங்கலாமா? அமெரிக்க வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வணக்கம் அண்ணா. ஹூஸ்டன் பக்கம் இருக்கிறோம். குடியுரிமை வாங்கி நான்கு வருடம் ஆகிறது. மாதம் இரண்டு முறை ரேஞ்சுக்குப் போகிறேன், ஒவ்வொரு முறையும் 9 எம்எம் தோட்டா 150 சுடுகிறேன். சுட்ட உறைகளைச் சேர்த்து வைத்து வீட்டிலேயே நிரப்பினால் பாதி விலையில் முடியும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதற்கான கருவி, புரோகிரெசிவ் பிரஸ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தோட்டாவில் இருப்பது நான்கு பொருள்: பித்தளை உறை, அதன் அடியில் பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே பவுடர், வாயில் பாய்ந்து போகும் புல்லட். சுட்ட பிறகு கையில் மிஞ்சுவது உறை மட்டும்தான். மற்ற மூன்றையும் ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும்.

இன்றைய விலைக்கு பிரைமர் ஒன்று 7, 8 சென்ட். 9 எம்எம் புல்லட் 9, 10 சென்ட். பவுடர் பவுண்டுக்கு 40 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின். தோட்டாவுக்கு 5 கிரெயின் என்று கணக்குக்காக மட்டும் எடுத்துக்கொண்டால் 1,400 தோட்டா வரும், ஒன்றுக்கு 3 சென்ட். (நிரப்ப வேண்டிய அளவு இது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பவுடருக்குப் பவுடர், புல்லட்டுக்குப் புல்லட் மாறும்.) ஆக மொத்தம் 20 சென்ட் பக்கம். ஆயிரம் தோட்டாவாக வாங்கினால் கடையிலேயே ஒன்று 25 சென்ட் அளவில் கிடைக்கிறது. உங்களுக்கு மிச்சம் 5 சென்ட். மாதம் 300 தோட்டாவுக்கு 15 டாலர். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வகை பிரஸ், அதில் மாட்டும் டை (உறையை அளவுக்குக் கொண்டுவரும் அச்சு), தராசு, உறை துலக்கும் டம்ளர் எல்லாம் சேர்ந்தால் 1,000 டாலர் ஆகிவிடும். போட்ட காசு திரும்ப ஐந்தரை வருடம். நீங்கள் செலவிடும் மாலை நேரத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை.

அப்படியானால் யாருக்குக் கட்டுப்படியாகும்? .45 கோல்ட், .44 மேக்னம் மாதிரி கடையில் ஒரு தோட்டாவுக்கு ஒரு டாலர் கேட்கும் ரகங்களைச் சுடுகிறவர்களுக்கு நன்றாகவே கட்டுப்படியாகும். 6.5 கிரீட்மூர், .308 போன்ற ரைபிள்களில் தூர இலக்குக்குச் சுடுகிறவர்களுக்கு அதைவிடவும் லாபம். போட்டிகளுக்கான மேட்ச் தரத் தோட்டா ஒன்றரை டாலருக்கு மேல் விற்கிறது, வீட்டில் ஏறக்குறைய பாதியில் முடியும். அது மட்டுமில்லை, உங்கள் ரைபிளின் குழலுக்கு எது ஒத்துப்போகிறதோ அதைத் தேடித் தேடிப் பொருத்தலாம். இந்த வேலையில் உள்ள உண்மையான சந்தோஷம் அதுதான், எந்தக் கடையிலும் அதை வாங்க முடியாது.

கடையில் தட்டுப்பாடு வந்தாலும் நம்மிடம் தோட்டா இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதிதான் உண்மை. 2020, 2021-இல் முதலில் காணாமல் போனதே பிரைமர்தான். அமெரிக்காவில் அதைப் பெரிய அளவில் செய்கிற பெயர்கள் நான்கு: சிசிஐ, ஃபெடரல், வின்செஸ்டர், ரெமிங்டன். மூன்று நான்கு சென்ட்டுக்கு வாங்கிய பிரைமருக்கு 10 சென்ட்டும் அதற்கு மேலும் கொடுத்தோம். அதுவும் கிடைத்தால். பிரஸ்ஸைத் துடைத்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் நிறையப் பேர்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் ஆசை இருக்கிறதா? சரி, தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் புரோகிரெசிவில் தொடங்காதீர்கள். அதில் கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் நாலைந்து வேலை ஒரே நேரத்தில் நடக்கும், புதியவரின் கண் எல்லாவற்றையும் பார்க்காது. சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். லீ, ஆர்சிபிஎஸ், ஹார்னடி என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் தவறில்லை. 9 எம்எம்முக்கு கார்பைடு டை வாங்கினால் உறைக்கு எண்ணெய் போட வேண்டியதில்லை. ரைபிள் உறைக்குக் கட்டாயம் போட வேண்டும், மறந்தால் உறை டைக்குள் சிக்கி உட்கார்ந்துகொள்ளும். பிரஸ்ஸில் மிச்சம் பிடிக்கிற காசை நல்ல தராசு, அதைச் சோதிக்கும் எடைக்கற்கள், நீளம் அளக்கும் காலிப்பர், புல்லட் அல்லது பவுடர் நிறுவனம் வெளியிட்ட நடப்புக் கையேடு இவற்றில் போடுங்கள். யாரோ ஒருவர் போனில் அனுப்பிய பவுடர் அளவை நம்பி ஒரு உறையைக்கூட நிரப்பக் கூடாது. கையேட்டில் தொடக்க அளவு என்று போட்டிருப்பார்கள். அங்கிருந்துதான் ஏற வேண்டும்.

கூடவே 50 குழி உள்ள ஒரு பலகையும் ஒரு டார்ச்சும். இரண்டுமே சல்லிசு. பவுடர் போட்ட 50 உறைகளையும் பலகையில் நிறுத்தி, புல்லட் வைப்பதற்கு முன்னால் டார்ச் அடித்து வரிசை வரிசையாகப் பாருங்கள். எல்லாவற்றிலும் பவுடர் ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். ஒன்று பள்ளமாகவோ மேடாகவோ தெரிந்தால் அதைக் கொட்டிவிட்டு மறுபடி அளந்து போடுங்கள். சில வேகமான பவுடர்களில் இரட்டை அளவு விழுந்தாலும் 9 எம்எம் உறைக்குள் அடங்கிவிடும், வெளியே வழியாது. அதனால் புதியவர்கள் உறையில் பாதிக்கு மேல் நிரம்புகிற பவுடராகப் பார்த்து வாங்குவது நல்லது. இரட்டை விழுந்தால் தானே வழிந்து காட்டிக்கொடுக்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நான் தொடங்கிய மூன்றாவது வருடம். நிரப்பிக்கொண்டு இருக்கும்போது போன் வந்தது, எடுத்துப் பேசிவிட்டு விட்ட இடத்தில் தொடர்வதாக நினைத்துத் தொடர்ந்தேன். அடுத்த சனிக்கிழமை ரேஞ்சில் ஒரு தோட்டா "டமார்" என்று வெடிக்காமல் "டப்" என்று அடங்கியது. சுட்டதும் தானாகப் பின்னால் வரும் துப்பாக்கியின் மேல்பாகம், ஸ்லைடு, வரவில்லை. தோட்டா வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று ஸ்லைடை இழுக்கப் போனேன். பக்கத்தில் இருந்த பெரியவர் "நிறுத்து" என்று சத்தம் போட்டார். துப்பாக்கியைக் காலி செய்து, துடைக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தால் பாதியில் முட்டி நின்றது. பவுடரே விழாமல் பிரைமரின் வேகத்தில் மட்டும் போன புல்லட் குழலுக்குள்ளேயே தங்கிவிட்டிருந்தது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும், என் விரல்கள் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. அன்றிலிருந்து போனை வீட்டுக்குள் வைத்துவிட்டுத்தான் கராஜுக்குப் போகிறேன்.

கேள்வி: ஓஹியோவில் எங்கள் தெருவில் ஒரு அம்மா, காலமான தன் கணவரின் ரீலோடிங் (தோட்டா நிரப்பும்) சாமான்களை மொத்தமாக 200 டாலருக்குத் தருகிறார். பழைய ஆர்சிபிஎஸ் ராக்சக்கர் பிரஸ், ஏழெட்டு டை, பவுடர் டப்பாக்கள், ஒரு ஜாம் பாட்டில் நிறைய பிரைமர், நிரப்பிய தோட்டா 600. எடுக்கலாமா?

பதில்: பிரஸ்ஸுக்காகவே எடுக்கலாம். ராக்சக்கர் வார்ப்பிரும்பு. மேலே துருப் பிடித்திருந்தாலும் அதன் தண்டு (ராம்) ஆட்டமில்லாமல் ஏறி இறங்கினால் உங்கள் பேரன் காலம் வரை உழைக்கும். (அந்த நிறுவனத்தின் பெயரில் உள்ள நான்கு எழுத்துக்கும் பின்னால் ராக் சக் என்கிற மலை அணிலின் பெயர் இருக்கிறது. அதை வேட்டையாடுகிறவர்களுக்காக ஃபிரெட் ஹண்டிங்டன் 1943-இல் செய்த புல்லட் அச்சில் தொடங்கிய பெயர் அது.) டைகளைத் திறந்து உள்ளே கீறலும் துருவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மற்றதெல்லாம் வேறு விஷயம். பவுடர் டப்பா ஏற்கெனவே திறந்திருந்தால் வேண்டாம். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் பெயரும் உள்ளே இருக்கும் பவுடரும் ஒன்றுதான் என்று உறுதி சொல்ல அந்த மனிதர் இப்போது இல்லை. மூடியைத் திறந்ததும் மூக்கில் காரமான அமில நெடி ஏறினாலோ, செங்கல் தூள் மாதிரி சிவந்த பொடி தெரிந்தாலோ அது கெட்டுப்போன பவுடர், வீட்டுக்குள் வைத்திருப்பதே ஆபத்து.

ஜாம் பாட்டில் பிரைமர்தான் எனக்கு அதிகம் பயம் தருகிறது. பிரைமர்களை ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் இருக்கும்படி தட்டில் அடுக்கி விற்பதற்குக் காரணமே, ஒன்று வெடித்தால் மற்றவை சேர்ந்து வெடிக்கக் கூடாது என்பதுதான். கண்ணாடிப் பாட்டிலில் மொத்தமாகக் கொட்டி வைத்தால் அது ஒரு குண்டு. அதைக் குலுக்காதீர்கள், காரில் ஏற்றாதீர்கள். தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டு விவரம் சொல்லுங்கள், அந்த அம்மாவுக்கும் அதுதான் நல்லது.

600 தோட்டாவையும் சுடாதீர்கள். எந்தப் பவுடர், எவ்வளவு என்பது நிரப்பியவருக்கு மட்டுமே தெரியும். புல்லட் பிடுங்கும் கருவி ஒன்று வாங்கிப் பிரித்தால் உறையும் புல்லட்டும் மிஞ்சும், பவுடரைக் கழித்துவிடலாம்.

கேள்வி: வட கரோலினாவில் ஹெச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். எனக்குத் துப்பாக்கி கிடையாது. குடியுரிமை உள்ள நண்பர், பாதிப் பணம் போட்டால் பிரஸ், பவுடர் எல்லாம் சேர்ந்து வாங்கலாம், உன் அபார்ட்மென்ட்டிலேயே வைத்துக்கொள் என்கிறார். தோட்டா மட்டும்தானே, பிரச்சினை வராது இல்லையா?

பதில்: வேண்டாம் தம்பி. ஹெச்-1பி, எஃப்-1, ஹெச்-4 போன்ற குடியேற்றமில்லா விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதையும் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டத்தில் தோட்டா என்றால் நிரப்பி முடித்தது மட்டுமில்லை. உறை, பிரைமர், புல்லட், பவுடர் எல்லாமே அதில் அடங்கும். மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு என்று சில விலக்குகள் உண்டு. ஆனால் அதை நம்பி இறங்குவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். 2022-இல் இந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனையை 15 வருடமாக்கிவிட்டார்கள். அதற்கு முன்னாலேயே விசா போய்விடும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அதுவரை நண்பரின் பிரஸ் நண்பர் வீட்டிலேயே இருக்கட்டும்.

கேள்வி: அண்ணா, வர்ஜீனியாவிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் கராஜில் தோட்டா நிரப்புகிறார். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்திலேயே டம்ளரை ஓட விட்டு உறைகளைத் துலக்குகிறார். எங்கள் பையனுக்கு இரண்டு வயது, கராஜில் தவழ்ந்து விளையாடுவான். பவுடர் வெடிக்குமோ என்றுதான் எனக்குப் பயம். அவரோ அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்கிறார்.

பதில்: பவுடரைவிட நீங்கள் பயப்பட வேண்டியது அந்தத் தூசியைப் பார்த்து. பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்டதும் அது உறைக்குள் கரியாகப் படிகிறது. சோளக்கதிர்த் தக்கையோ வால்நட் ஓட்டுத் தூளோ போட்டு டம்ளரை ஓட்டும்போது அந்த ஈயம் தூசியோடு கிளம்பி, தரையிலும் மடித்து வைத்த துணியிலும் படியும். தவழ்கிற பிள்ளையின் கை அடுத்து எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள். 3.5 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2021-இல் வரம்பைக் குறைத்தது (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில்). டம்ளரை உடனே அங்கிருந்து எடுத்துவிடுங்கள். உறையையும் தூளையும் சலித்துப் பிரிப்பது வீட்டுக்கு வெளியே நடக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி ஸ்டீல் ஊசி போட்டுத் துலக்கும் முறைக்கு மாறினால் தூசியே இல்லை, ஆனால் அந்தத் தண்ணீர் சமையலறைத் தொட்டிக்கு வரக் கூடாது. கராஜ் தரையைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அவர் வேலை முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்த மேசையில் காபி டம்ளர்கூட வேண்டாம்.

பவுடர் பற்றியும் கேட்டீர்கள். அதைத் துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. திறந்த வெளியில் பவுடர் சட்டென்று எரியும், அவ்வளவுதான். இறுக மூடிய இரும்புக்குள் தீப்பிடித்தால் அழுத்தம் ஏறி வெடிக்கும். அதன் சொந்த டப்பாவிலேயே, மரப் பெட்டியில், ஹீட்டருக்கும் வெயிலுக்கும் தள்ளி, பிள்ளை கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். தேசியத் தீப்பாதுகாப்பு விதியில் வீட்டுக்குச் சொல்லியிருக்கும் அளவு, பவுடர் 20 பவுண்டு, பிரைமர் 10,000. பவுடர் அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் ஒரு அங்குலம் கனமுள்ள மரப் பெட்டி வேண்டும். உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம், வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தையும் பாருங்கள்.

கேள்வி: நான் நிரப்பும் தோட்டாவை நண்பர்கள் விலைக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: உங்கள் சொந்த உபயோகத்துக்கு நிரப்பக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பதற்காக நிரப்பினால் நீங்கள் உற்பத்தியாளர்: அதற்கு உரிமம், 11 சதவீத கலால் வரி எல்லாம் உண்டு. சும்மா கொடுப்பதையும் நான் ஏற்கமாட்டேன். ரீலோடு தோட்டாவைச் சுட்டதால் சேதம் என்றால் பல துப்பாக்கி நிறுவனங்கள் உத்தரவாதம் தராது, அவர் துப்பாக்கி பிளந்தால் உங்கள் நட்பும் சேர்ந்து போகும். சில உள்ளரங்க ரேஞ்சுகளில் ரீலோடை அனுமதிப்பதே இல்லை, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிசம்பரில் சென்னைக்கு வருகிறேன். தம்பிக்குக் காட்டச் சில காலி உறைகளும் ஒரு சின்னக் கை பிரஸ்ஸும் எடுத்து வரலாமா? நிரப்பிய தோட்டா ஒன்றும் இல்லை.

பதில்: எடுத்துப் போகவே கூடாது. இந்தியாவின் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அதைச் செய்யும் கருவிகளும் அடங்கும். உரிமம் இல்லாமல் தோட்டா செய்வதற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு வருடச் சிறை. தம்பிக்கு போட்டோ காட்டுங்கள், போதும். இன்னொன்றும் இருக்கிறது. ரேஞ்சுக்குக் கொண்டுபோன முதுகுப் பையையே ஊருக்கும் எடுத்துப் போகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதன் ஓரத்தில் ஒரே ஒரு தோட்டா கிடந்து ஸ்கேனரில் தெரிந்தாலும் விமானத்தை விட்டுவிட்டுக் காவல் நிலையத்தில் உட்கார வேண்டிவரும். வேறு பை எடுத்துப் போங்கள். அதே பைதான் என்றால் எல்லா ஜிப்பையும் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்து உதறி, லைனிங்கின் கிழிசலுக்குள்ளும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.