பார்க்க இரண்டு 'வி' போல இருக்கும் எழுத்துக்கு 'டபிள்யூ' என்று ஏன் பெயர் வந்தது?

'டபிள்யூ' என்பது 'டபுள் யூ', அதாவது இரட்டை யூ. உருவமோ இரண்டு வி-யை ஒட்டிவைத்தது போல இருக்கிறது. காரணம் லத்தீனில் இருக்கிறது.

லத்தீனில் யூ, வி இரண்டும் ஒரே எழுத்துதான். கல்லில் வெட்டும்போது நேர்கோடுகள் எளிது என்பதால் கூர்முனை. கையால் எழுதும்போது அது வளைந்துவிடும். ஏறக்குறைய 17-ஆம் நூற்றாண்டில்தான் இவை தனித்தனி எழுத்துகளாக நிலைபெற்றன.

ஏழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை லத்தீன் எழுத்தில் எழுதத் தொடங்கியவர்களுக்கு, 'வாட்டர்' என்பதன் முதல் ஒலிக்கு எழுத்து கிடைக்கவில்லை. அதனால் யூ-வை இரண்டு முறை எழுதினார்கள். நாம் அயல் ஒலிக்காக ஃ, ப இரண்டையும் சேர்த்து 'ஃப' என்று எழுதுகிறோமே, அதே உத்திதான்.

இடையில் 'வின்' என்ற பழைய ரூனிக் எழுத்து (ரூனிக் என்பது ஜெர்மானிய மக்களின் பழைய எழுத்துமுறை) அந்த இடத்தைப் பிடித்தது. எனக்கு மிகவும் பிடித்த எழுத்து அது. தொலைந்துபோனதில் வருத்தம் உண்டு. 1066-இல் வடக்கு பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, அவர்களுடைய எழுத்தர்கள் இரட்டை யூ-வையே மீண்டும் கொண்டுவந்தார்கள். இரண்டும் ஒட்டி ஓர் எழுத்தாயின.

பிரெஞ்சில் இதையே 'இரட்டை வே', அதாவது இரட்டை வி என்கிறார்கள்.

ஆங்கிலேயர் வி-யை யூ என்று தவறாகப் படித்ததால் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், இரட்டித்து எழுதும் வழக்கம் தொடங்கிய காலத்தில் யூ வேறு, வி வேறு என்ற பிரிவே கிடையாது.