டிராக்மேனியா அன்றும் இன்றும்: எது கூடியது, எது போனது?

கேள்வி: "நான் டிராக்மேனியாவை 2020 பதிப்பிலிருந்துதான் ஆடுகிறேன். நேஷன்ஸ் காலத்திலிருந்து ஆடுபவர்கள் அது எப்படியெல்லாம் மாறியது என்று சொல்லுங்கள். பழையதை ஏன் இன்னும் எல்லாரும் தூக்கிப் பேசுகிறார்கள்?"

எனக்கு ஊர் வேலூர், சத்துவாச்சாரி. டிராக்மேனியா கணினியில் ஆடும் கார் ரேஸ் விளையாட்டு, நேஷன்ஸும் நேஷன்ஸ் ஃபாரெவரும் அதன் பழைய இலவசப் பதிப்புகள். ஃபாரெவர் வந்த 2008லிருந்து ஆடுகிறேன், இப்போதும் விடவில்லை, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

மாறாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வழக்கமான ஆன்லைன் போட்டியில் கார்கள் ஒன்றையொன்று இடிக்காது. ஐம்பது பேர் ஒரே வளைவில் நுழைந்தாலும் ஒருவர் காருக்குள் இன்னொருவர் கார் புகுந்து போய்விடும், போட்டி முழுக்கக் கடிகாரத்தோடுதான். நம் கார் நம் கணினியிலேயே கணக்கிடப்படுகிறது. சர்வர் பிரான்சில் இருந்து பிங் (இணையத் தாமதம், மில்லிநொடியில்) 150க்கு மேல் ஏறினாலும் நாம் எடுத்த நேரம் நாம் எடுத்ததுதான். மற்ற ரேஸ் விளையாட்டுகளில் நம் ஊர் இணைப்பில் எதிராளியின் கார் திடீரென்று பத்தடி தாண்டிக் குதிக்கும், நம்மை இடித்துத் தள்ளிவிட்டுப் போகும், நாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த அவதி இதில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஐரோப்பாக்காரனோடு சரிசமமாக நிற்கலாம் என்ற ஒரே காரணத்துக்காகவே இதில் ஒட்டிக்கொண்டவர்கள் இங்கே நிறையப் பேர்.

சரி, மாறியதற்கு வருவோம்.

பிரான்சின் நடேயோ நிறுவனம் 2003ல் முதல் டிராக்மேனியாவை விட்டபோது பாலைவனம், பனி, ரேலி என்று மூன்று சூழல்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கார். 2005ல் வந்த சன்ரைஸில் தீவு, வளைகுடா, கடற்கரை என்று இன்னும் மூன்று. 2006ல் இஎஸ்டபிள்யூசி என்ற மின்விளையாட்டுப் போட்டிக்காக ஸ்டேடியம் என்ற ஒரே சூழலோடு நேஷன்ஸை முழு இலவசமாகக் கொடுத்தார்கள். அதன் மெருகேறிய வடிவம்தான் 2008 ஏப்ரலில் வந்த ஃபாரெவர். ஏ முதல் இ வரை 65 ட்ராக், வெள்ளை, பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் கூடிக்கொண்டே போகும்.

பெண்டியம் 4, 256 எம்பி ராம் இருந்தால் ஓடும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது ஆடுபவர்களுக்குப் புரியாது. அன்றைக்கு காட்பாடி ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் இருந்ததெல்லாம் அந்த மாதிரி கணினிகள்தான். பென் டிரைவில் ஒருவன் கொண்டுவந்தால் போதும், எல்லா மெஷினிலும் ஏற்றிவிடலாம், திருட்டுக் காப்பி என்ற உறுத்தலும் கிடையாது. இணையம் இழுத்தால் லேனில், அதாவது சென்டருக்குள்ளேயே கணினிகளை இணைத்து ஆடுவோம், வரிசையாக உட்கார்ந்து, அம்புக்குறி விசைகளில். சரியாக வரவில்லையென்றால் டிலீட்டைத் தட்டு, அந்த நொடியே தொடக்கக் கோட்டில் நிற்பாய். ஏற்றுவதற்குக் காத்திருப்பது கிடையாது. மணிக்குக் காசு கொடுத்து ஆடுபவனுக்கு அதுதான் பெரிய வரம். முதல் ட்ராக்கான ஏ01ஐ உலகின் முதல்நிலை ஆட்டக்காரர்கள் 24 நொடிக்குள் முடிப்பார்கள். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத அந்த நாட்களில் இவ்வளவு சின்ன ஆட்டம் எங்களுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

அப்புறம் எடிட்டர், அதாவது நாமே ட்ராக் கட்டும் கருவி. என்னைக் கேட்டால் இந்த விளையாட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது. கட்டம் கட்டமாக ரோட்டை வைத்துக்கொண்டே போகலாம். நானும் என் மாமா பையனும் வேலூர் கோட்டையையே ஒரு ட்ராக்காகக் கட்டினோம். சுற்றிலும் அகழிக்காக நீர்க் கட்டங்கள், கோட்டைக்கு ஒரே வாசல் என்பதால் உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே இடுக்கு, அதன் வாயில் ஒரு செக்பாயிண்ட், அதாவது தாண்டியே ஆக வேண்டிய இடம். அந்த வளைவில் நல்ல வேகத்தில் நுழைந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பிரேக்கை லேசாகத் தட்டினால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வாசலுக்கு நேராகத் திரும்பும். ஒரு கணம் தாமதித்துத் தட்டினாலும் தண்ணீரில்தான் போய் விழும். இந்த எடிட்டரில் ஒரு நல்ல விதி உண்டு: நீயே ஒரு முறை ஓட்டி முடித்துக் காட்டாமல் உன் ட்ராக்கை மற்றவர்களுக்குக் கொடுக்க முடியாது. நீ எடுத்த நேரம்தான் அந்த ட்ராக்கின் ஆத்தர் மெடலுக்கான (கட்டியவரை முந்தினால் கிடைக்கும் பதக்கம்) இலக்கு. இன்றுவரை இந்த விதியை எடுக்காமல் வைத்திருப்பதற்கு நடேயோவைப் பாராட்ட வேண்டும்.

2009ல் நடேயோ, யுபிசாஃப்ட் என்ற பெரிய விளையாட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2011ல் டிராக்மேனியா 2 கேன்யன், அதன் பிறகு 2013ல் வேலி, ஸ்டேடியம், எல்லாம் மேனியாபிளானட் என்ற கூரையின் கீழ். கார் ஓடும் விதம் மாறியது, நேரத்தை நூறில் ஒரு நொடிக்குப் பதிலாக ஆயிரத்தில் ஒரு நொடி வரை காட்ட ஆரம்பித்தார்கள். ஆனால் சூழலுக்குச் சூழல் தனியாகக் காசு கேட்டதால் ஆட்கள் சிதறினார்கள், எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் ஃபாரெவரிலேயே தங்கிவிட்டார்கள். 2016ல் டர்போ வந்தது. அது பெரும்பாலும் கன்சோல்காரர்களைப் பார்த்துச் செய்தது, எனக்கு ஒட்டவில்லை.

2020 ஜூலை 1ல் வந்த புதியதைத்தான் நீங்கள் ஆடுகிறீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 25 ட்ராக் கொண்ட புதிய தொகுப்பு, ஐஸ், புல், மண் என்று தரைக்குத் தரை வேறு பிடிமானம், என்ஜினை அணைக்கும் கட்டம், ஸ்டியரிங்கைப் பூட்டும் கட்டம். ஆனால் இதையெல்லாம் விட முக்கியமானது தினசரி ட்ராக்கும் தினசரிக் கோப்பையும். ஆட்டக்காரர்கள் கட்டியதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து பாரிஸ் நேரம் மாலை 7 மணிக்கு வெளியிடுகிறார்கள். நமக்கு அது கோடையில் இரவு 10:30, குளிர்காலத்தில் 11:30. கிட்டத்தட்ட எல்லாருக்குமே புது ட்ராக். 15 நிமிடம் தகுதிச் சுற்று, பிறகு 64 பேர் கொண்ட பிரிவுகளாகப் பிரித்து, சுற்றுக்குச் சுற்று மெதுவாக வந்தவர்களை வெளியேற்றிக்கொண்டே போய்க் கடைசியில் ஒருவர். பழைய ட்ராக்குகளில் வருடக்கணக்காகப் பயிற்சி எடுத்தவனை நேற்று சேர்ந்தவன் நெருங்கவே முடியாது. இங்கே 15 நிமிடத்தில் யார் ட்ராக்கைப் படிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் வாய்ப்பு. இத்தனை வருடத்தில் இதில் சேர்த்ததிலேயே சிறந்த அம்சம் இதுதான், சந்தேகமே இல்லை. 2021ல் இன்னும் இரண்டு வேளைக் கோப்பைகளைச் சேர்த்தார்கள், அதில் ஒன்று நமக்குப் பிற்பகலில் விழுகிறது. ராத்திரி கண்விழிக்க முடியாதவர்கள் அதில் ஆடலாம்.

2023 கடைசியில் 2003ன் பனிக் காரை இதற்குள் கொண்டுவந்தார்கள், 2024ல் ரேலி, பாலைவனக் கார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வளையத்தைத் தாண்டினால் கார் மாறிவிடும். பழைய ஆட்களுக்கு அது பெரிய சந்தோஷம்.

இப்போது எது போனது. கோப்பை, கிளப் போன்ற நல்ல பகுதிகளுக்கு வருடச் சந்தா. உள்ளே நுழையவே கணக்கும் இணையமும் வேண்டும். வேலைக்குப் போகிற எனக்கு அந்தக் காசு பெரிதில்லை, ஆனால் குடியாத்தத்தில் பழைய கணினி வைத்திருக்கும் என் அக்கா பையனைப் போன்றவர்களுக்கு அது ஒரு சுவர். ஃபாரெவர் எந்தச் சுவரும் வைக்கவில்லை, அதனால்தான் பழையதை இன்னும் தூக்கிப் பேசுகிறார்கள். வெறும் பழைய நினைவு என்று அதைத் தள்ளிவிடாதீர்கள்.

பழையதன் இன்னொரு பலம் ரீப்ளே, அதாவது ஓட்டி முடித்த ஓட்டத்தைச் சேமிக்கும் கோப்பு. அதில் வீடியோ இருக்காது, நாம் எந்தக் கணத்தில் எந்த விசையை அழுத்தினோம் என்ற பதிவுதான் இருக்கும். அதே விசைகளை அதே கணங்களில் கொடுத்தால் கார் அச்சு அசலாக அப்படியே ஓடும். 2021ல் பழைய உலக சாதனைகளின் ரீப்ளேக்களைச் சிலர் இப்படி அலசியபோது, விளையாட்டின் வேகத்தைக் குறைத்து வைத்து ஆடியவர்கள் மாட்டினார்கள். மனித விரல் தட்டவே முடியாத அளவுக்கு அவ்வளவு நுணுக்கமான தட்டல்கள் அவற்றில் இருந்தன. 13 வருடம் கழித்தும் ஒரு விளையாட்டால் தன் கணக்கைத் தானே சரிபார்க்க முடிந்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

நீங்கள் 2020ஐ விட வேண்டாம். ஃபாரெவர் இன்றும் இலவசம்தான், அதையும் பக்கத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏ வரிசையை முடித்துவிட்டு நேராக எடிட்டருக்குப் போங்கள். தினக் கோப்பைக்கு முதலில் வருபவர்கள் பிற்பகல் வேளையில் ஆரம்பிப்பது நல்லது, கூட்டம் குறைவு.