நட்சத்திரத்தைவிட அதைச் சுற்றியுள்ள வாயு சூடாக இருக்க முடியுமா?

நெருங்கிச் சுற்றும் இரட்டை நட்சத்திரங்களில், நட்சத்திரத்தால் தர முடியாத புற ஊதா ஒளியை வாயு தருகிறதாமே, அடுப்பைவிட ஆவி சூடாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும். சூடு அடுப்பிலிருந்து வந்தால்தானே அந்தக் கணக்கு!

நான் பொழுதுபோக்காக வானம் பார்க்கிறவன். பெர்சியஸ் விண்மீன் கூட்டத்தில் உள்ள ஆல்கால் என்ற இரட்டை நட்சத்திரம் மங்குவதை மொட்டைமாடியில் படுத்தபடி வெறும் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இன்னொன்றை மறைக்கும், அவ்வளவுதான் சங்கதி என்று நினைத்திருந்தேன். அதே ரகத்தைச் சேர்ந்த யு செஃபை என்ற இன்னொரு இரட்டையைப் பற்றிப் படித்த பிறகுதான் கிரகணத்தின் அருமை புரிந்தது.

அங்கே சூடான நட்சத்திரம் சுமார் 12,000–13,000 கெல்வின். ஜோடி, உப்பிப்போன குளிர்ந்த நட்சத்திரம். இரண்டும் இரண்டரை நாளில் ஒரு சுற்று முடித்துவிடுகின்றன. உப்பியதன் மேல்வாயு மற்றதன் ஈர்ப்பில் சிக்கி அந்தப் பக்கம் விழுகிறது. வட்டமடித்து மெல்ல இறங்க இடம் போதாது. விநாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போய் மோதுகிறது. விழுந்த வேகம்தான் சூடாக மாறுகிறது.

சரி, இது எப்படித் தெரிந்தது? இந்தப் புற ஊதாவைக் காற்று மண்டலம் மறித்துவிடும், தரையிலிருந்து பார்க்க வழியில்லை. 1978இல் புற ஊதாவைப் பார்க்கும் ஐயூஇ செயற்கைக்கோள் மேலே போனது. வெறும் 45 செ.மீ. தொலைநோக்கி, ஆனால் 1996 வரை உழைத்தது! செக் நாட்டில் பிறந்த வானியலாளர் மிரெக் பிளாவெக் அதை யு செஃபையின் பக்கம் திருப்பினார், அதுவும் சூடான நட்சத்திரம் முழுக்க மறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து. அதன் வெளிச்சம் போனதும், அதுவரை அமுங்கிக் கிடந்த நிறமாலைக் கோடுகள் (குறிப்பிட்ட அலைநீளங்களில் வாயு தரும் ஒளி) பளிச்சென்று எழுந்து நின்றன: 155 நானோமீட்டரில் மூன்று எலக்ட்ரான் இழந்த கார்பன், 124இல் நான்கு எலக்ட்ரான் இழந்த நைட்ரஜன். முழுச் சூரிய கிரகணத்தில் சூரியனைச் சுற்றியுள்ள கொரோனா என்ற வாயுப் படலம் தெரிகிற மாதிரிதான். அணுக்களின் மோதலாலேயே இப்படி எலக்ட்ரான்கள் உரிய வேண்டுமானால் ஒரு லட்சம் கெல்வின் அளவுக்குச் சூடு வேண்டும். நட்சத்திரம் மறைந்தும் கோடுகள் மறையவில்லை என்றால், அந்த வாயு நட்சத்திரத்தின் விளிம்பைத் தாண்டிப் பரவியிருக்கிறது என்று அர்த்தம்.

எல்லா ஜோடியும் இப்படி இல்லை. எஸ்எஸ் சிக்னி என்ற இரட்டையில் வாயுவை வாங்குவது பூமி அளவிலான வெண்குள்ளன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரம். அங்கே வட்டமடிக்கத் தாராளமாக இடம் உண்டு. அப்படி வட்டமடிக்கும் வாயு ஒரு தட்டாகிவிடும்; திடீர்ப் பிரகாச வெடிப்பு நேரங்களில் அந்த வாயுத் தட்டே புற ஊதாவில் ஜொலிக்கும்.