விக்கிபீடியா வியூஸை வச்சு எந்தத் தெருவுல வெள்ளம்னு சொல்ல முடியுமா?

கேள்வி: வேளச்சேரியில எங்க குடியிருப்போர் சங்கத்துல மழைக்கால உதவிக்கு ஒரு டீம் இருக்கு. விக்கிபீடியாவை யார் எங்கருந்து படிக்கிறாங்கன்ற டேட்டாவை வச்சு, எந்தத் தெருவுக்கு உதவி வேணும்னு லைவா காட்டுற டாஷ்போர்டு பண்ணித் தரேன்னு ஒருத்தர் பணம் கேக்குறார். கொடுக்கலாமா சார்?

பதில்: கொடுக்காதீங்க. அட்வான்ஸ் போயிருந்தா இன்னைக்கே திருப்பிக் கேளுங்க. அவர் சொல்ற டேட்டா எல்லாருக்கும் இலவசம், எந்தக் கட்டுரையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்தாங்கன்னு 2015 ஜூலையில இருந்து பேஜ்வியூஸ் அனாலிசிஸ்ன்ற டூல்ல நீங்களே போன்ல பாத்துக்கலாம், ஆனா தெரு, வார்டுன்னு எதுவும் அதுல கிடையாது, படிக்கிறவங்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு கட்டுரை வாரியா எந்த நாட்டுல படிச்சாங்கன்றது வரைக்கும்தான் வெளியிடுறாங்க. அதுக்குக் கீழ இருக்குன்னு சொல்றவர் உங்களை ஏமாத்துறார். வேளச்சேரி கட்டுரைக்கு வியூஸ் ஏறுனா, டிவியில பாத்துட்டு துபாய்ல இருந்து தேடுன சொந்தக்காரங்களாக் கூட இருக்கலாம். 2015 டிசம்பர்ல முழுகுன ஏரியாவுல கரண்டும் போச்சு டவரும் போச்சு, மொட்டை மாடியில நின்னவங்க எங்க போய்ப் படிக்கிறது?

ஒரு விஷயத்துக்கு மட்டும் இது உதவும். தண்ணி வடிஞ்சதுக்கு அப்புறம் ஜனங்களுக்கு என்ன சந்தேகம் வருதுன்னு மேலோட்டமாப் புரியும். 2018 வெள்ளத்துக்கு அப்புறம் கேரளாவுல எலிக்காய்ச்சல் பரவுச்சு, அந்த மாதிரி நேரத்துல அந்தக் கட்டுரைக்கு வியூஸ் எகிறுனா பக்கத்து டாக்டர்கிட்ட கேட்டு உங்க வாட்ஸ்அப் குரூப்ல நாலு வரி போடுங்க. தமிழ், இங்கிலீஷ் ரெண்டையும் பாருங்க, ரீடைரக்ட் தலைப்புக்கு (அதே கட்டுரைக்குக் கொண்டுபோற மாற்றுத் தலைப்பு) வர்ற எண்ணிக்கை தனியா நிக்கும் அதையும் கூட்டுங்க, பாட் வியூஸை (ஆளுங்க இல்லாம புரோகிராம் தானா திறக்குறது) சேக்காதீங்க, அந்த டூல்ல நேத்து வரைக்கும்தான் இருக்கும்ன்றதையும் மறக்காதீங்க.

மழைக்கு முன்னாடியே கிவிக்ஸ்ன்ற ஆப்ல தமிழ் விக்கிபீடியாவை இறக்கிடுங்க, ஆர்கானிக் மேப்ஸ்ன்ற மேப் ஆப்ல சென்னை மேப்பையும். ரெண்டும் இலவசம், நெட் இல்லாமலே ஓடும். எந்தத் தெருவுல தண்ணின்னு தெரியணும்னா அங்க நிக்கிற ஆள் சொல்லணும், யார் பாத்தாங்க எத்தனை மணிக்குப் பாத்தாங்கன்னு சேத்து எழுதுங்க. 2015ல தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ன்ற, யார் வேணாலும் திருத்தக்கூடிய இலவச மேப் மேல முழுகுன ரோட்டை எல்லாம் குறிச்சது இப்படி மக்கள் சொல்லச் சொல்லத்தான்.

ஏரி நீர்மட்டத்தையும் திறந்துவிடுற அளவையும் அரசு பிடிஎஃப்பா, போட்டோவா போட்டா யார் அதை மேப்ல ஏத்துறது? நம்ம வரிப்பணத்துல எடுக்குற அளவு அது, ஒழுங்கா டேட்டாவாக் கொடுக்க இன்னும் எத்தனை வெள்ளம் வேணும்? அதைக் கொடுக்காத வரைக்கும் இந்த மாதிரி ஆளுங்க கடை விரிச்சுக்கிட்டேதான் இருப்பாங்க.

அந்தப் பணத்துல பவர் பேங்க் வாங்கி வைங்க. 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலத்துக்கு. ரெண்டையும் ஒவ்வொரு பிளாக் வாசல்லயும் பேப்பர்ல எழுதி ஒட்டிடுங்க.