துவரம்பருப்புக்கு எதற்கு ‘நான்-ஜிஎம்ஓ’ ஸ்டிக்கர்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். அபார்ட்மென்ட்டுக்கு வாரந்தோறும் வரும் வியாபாரி துவரம்பருப்பு, அரிசி, கல்லுப்பு, ஸ்வீட் கார்ன் எல்லாவற்றிலும் ‘நான்-ஜிஎம்ஓ’ (மரபணு மாற்றாதது) என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கூடுதல் விலை சொல்கிறார். ஸ்டிக்கர் இல்லாதவை மரபணு மாற்றியவையா? பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். அந்த ஸ்டிக்கருக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள். இந்தியாவில் வணிக சாகுபடியில் இருக்கும் மரபணு மாற்றுப் பயிர் பி.டி. பருத்தி (புழுவைத் தடுக்க ஒரு பாக்டீரியாவின் மரபணு சேர்த்தது) ஒன்றுதான், 2002 முதல். பி.டி. கத்தரிக்காயை 2010இல் நிறுத்திவைத்துவிட்டார்கள். துவரையிலும் அரிசியிலும் அப்படி ஒரு ரகம் கடைக்கே வரவில்லை. உப்புக்கு மரபணுவே கிடையாது. அதற்கும் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் உங்கள் பயத்தைத்தான் விற்கிறார். ஸ்வீட் கார்ன், ரெட் லேடி பப்பாளி இரண்டும் ஹைப்ரிட். இரு ரகங்களின் மகரந்தம் சேர்த்து உண்டாக்கியவை, மரபணு மாற்றியவை அல்ல. பழத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் 8இல் தொடங்கும் எண் இருந்தால் ஜிஎம் (மரபணு மாற்றியது) என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் நம்பாதீர்கள்; அந்த எண் கடைப் புழக்கத்துக்கே வந்ததில்லை.

மரபணு மாற்றுப் பயிர் நம் சமையலறைக்கு வரும் வழி எண்ணெய். அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து வரும் சோயா எண்ணெய், கனடாவின் கனோலா (கடுகு வகை) எண்ணெய், நம் ஊர்ப் பருத்திவிதை எண்ணெய். ஆனால் ரீஃபைன் செய்யும்போது பிசின் நீக்கி, வெளுத்து, 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி வாடை எடுக்கிறார்கள். மரபணு இருப்பது டிஎன்ஏவில். அது உண்டாக்குவது புரதம். இரண்டுமே ஏறக்குறைய மிஞ்சுவதில்லை, மிஞ்சுவது கொழுப்பு. அதனால்தான் ரீஃபைண்ட் எண்ணெய்க்கு ‘ஜிஎம் இல்லை’ என்று லேப் ரிப்போர்ட் காட்டினாலும் அதற்கு மதிப்பில்லை: ஜிஎம் விதையில் எடுத்த எண்ணெயிலும் சோதனைக்கு ஒன்றும் சிக்காது. அப்படியும் வேண்டாம் என்றால் கடலை, நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் வாங்குங்கள். செக்கில் ஆட்டியதோ ரீஃபைண்டோ, இவற்றில் ஜிஎம் ரகம் சந்தையில் இல்லை. மிக்சர், சிப்ஸ் பாக்கெட்டில் ‘தாவர எண்ணெய்’ என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எந்த எண்ணெய் என்று இருக்கும், படியுங்கள்.

மரபணு மாற்று உணவுப் பாக்கெட்டின் மேல்பக்கம் ‘ஜிஎம்’ என்று அச்சிட வேண்டும் என்பது 2013 ஜனவரி 1 முதல் விதி. எத்தனை பாக்கெட்டில் பார்த்திருக்கிறீர்கள்? உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இல் வந்தது. அதன்கீழ் ஜிஎம் உணவுக்கான விதிமுறை வரைவாக வெளிவரவே 2021 ஆனது. அரசு விட்டுவைத்த இந்த இடைவெளியில்தான் ஸ்டிக்கர்காரர்கள் சம்பாதிக்கிறார்கள்.

ஆர்கானிக் என்று வியாபாரி சொன்னால், பாக்கெட்டில் அரசின் ஆர்கானிக் முத்திரையும் 14 இலக்க உணவு உரிம எண்ணும் இருக்கிறதா பாருங்கள், பில் கேளுங்கள். பில் தரத் தயங்கினால் வாங்காதீர்கள்; ஸ்டிக்கரைப் படம் எடுத்து உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியில் புகார் பதியுங்கள்.