கோடியக்கரையின் பழுப்புப் பறவைகள்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். கடந்த ஜனவரியில் மனைவியுடன் ஐந்து நாள் பறவை பார்க்கும் பயணம் ஒன்றுக்குப் போய்வந்தேன். வழிகாட்டி உண்டு. கோத்தகிரியில் இரண்டு நாள், ஒரு பகல் முழுக்க வண்டி, கோடியக்கரையில் இரண்டு நாள். ஆளுக்கு 16,500 ரூபாய்.

நீலகிரி சோலைக்கிளியைப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. குரல் கேட்டது, பறவை வெளியே வரவில்லை. செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டால் வந்துவிடும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். வழிகாட்டி மறுத்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம். கோடியக்கரையில் விடுதிச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பூநாரைகள் தொலைவில் ஒரு வெள்ளைக் கோடு. மற்றபடி சேறு முழுக்கப் பழுப்பு நிறக் குருவிகள், எல்லாம் ஒன்றுபோல. அவர் பெயர் சொல்லிக்கொண்டே போனார், நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். முடிவில் 118 வகை என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அதில் நான் கண்ணால் பார்த்தது முப்பது இருந்தால் அதிகம். வழிகாட்டி என்று ஒருவர் தேவைதானா? அடுத்த முறை நாங்களே போய்விடலாமா?

அன்புடன்,
ம., ஈரோடு

அன்புள்ள ம.,

அந்த வழிகாட்டியை மறுபடி பார்த்தால் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆளுக்குப் பதினாறாயிரம் கட்டியவர்கள் சூழ்ந்து நின்று கேட்கும்போது முடியாது என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். பயணம் முடிந்ததும் நீங்கள் அவருக்கு மதிப்பெண் போடப்போகிறீர்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

முடியாது என்று சொல்லாத ஒருவரோடு நான் போயிருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கும். நீலகிரியில் ஒரு சிறிய சோலை, ஓடைக்கரை, நாங்கள் ஒன்பது பேர், ஏழு கேமராக்கள். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவு ஒலிபெருக்கி ஒன்றை எடுத்து ஒலிக்கவிட்டார். இரண்டு நிமிடம் ஆகவில்லை, பாசி படிந்த ஒரு கட்டைமீது சோலைக்கிளி வந்து நின்றது. முதுகு கரும்பலகை நீலம், விலாவில் செங்காவி. கேமராக்கள் பொரிந்தன. யாரோ ஒருவருக்குப் படம் சரியாக வரவில்லை, ஆகவே மறுபடி ஒலிக்கவிட்டார். பிறகு இன்னொருவருக்காக. நாற்பது நிமிடம் அந்தப் பறவை இரை தேடவில்லை. கட்டைக்கும் புதருக்கும் இடையே ஓடி ஓடி, வராத எதிரியைத் தேடிக்கொண்டிருந்தது. கடைசியில் எங்கள் காலிலிருந்து ஆறடி தூரத்தில் வந்து நின்று, வாய் திறந்தபடி மூச்சுவாங்கியது. நானும் படம் எடுத்தேன். நல்ல படம். இன்றுவரை எங்கும் அதைப் போட்டதில்லை.

அது எல்லைச் சண்டைக்கு வரும் பறவை. தன் இடத்தில் வேறோர் ஆண் புகுந்துவிட்டதாக நினைத்துத்தான் வருகிறது. ஒரு குழு ஒருமுறை செய்தால் போகட்டும் என்று விடலாம். எல்லோருக்கும் தெரிந்த சோலையில் வார இறுதிதோறும் ஒரு குழு செய்தால், அந்த ஒரு பறவைக்கு எத்தனை பொய் எதிரிகள்?

சோலைக்கிளி என்ற பெயரைப் பார்த்துப் பச்சைக் கிளியைத் தேடியவர்களை எனக்குத் தெரியும். மலையாளத்தில் சிறு பறவை எதுவும் கிளிதான். பெயர் அந்த வழியாக வந்தது. 2017-இல் மரபணு ஆய்வை வைத்து இதற்கும் இதன் உறவினர்களுக்கும் தனிப் பேரினம் கொடுத்தார்கள். அதன் பெயர் சோலிகோலா, சோலையில் குடியிருப்பது என்று பொருள். நம் 'சோலை' இலத்தீனுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, பழனி மலையில் இருப்பது வெள்ளை வயிறுகொண்ட வேறோர் இனம். நடுவே சுமார் 30 கிலோமீட்டர் தாழ்நிலம்தான். ஆனால் குளிர்ந்த சோலையின் இருட்டிலேயே வாழும் பறவைக்கு அது கடல் மாதிரி. உங்கள் கோத்தகிரியின் லாங்வுட் சோலை மொத்தமே 116 ஹெக்டேர். சுற்றிலும் தேயிலையும் ஊரும். அங்கிருந்து விரட்டினால் அது எங்கே போகும்?

நீங்கள் அதைப் 'பார்க்கவில்லை' என்கிறீர்கள். ஒன்றரை மணி நேரம் அதன் பாட்டைக் கேட்டிருக்கிறீர்கள். சோலையில் கண்ணுக்கு வேலை குறைவு. பத்தடிக்கு அப்பால் இலை மறைத்துவிடும். பட்டியலில் உள்ள 118 வகையில் கணிசமானவை காதால் எண்ணப்பட்டவை என்று நினைக்கிறேன். பறவை ஆர்வலர்கள் குரலையும் கணக்கில் சேர்ப்பார்கள், அது மோசடி அல்ல. நீலகிரிச் சிரிப்பான் சிரித்திருக்குமே? கூட்டமாக, யாரையோ கேலி செய்வதுபோல? அதுவும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

இனி கடற்கரை. இங்கே உங்கள் மனக்குறையில் பாதி நியாயம் இருக்கிறது. தவறு வழிகாட்டியுடையது அல்ல, பயணத் திட்டம் போட்டவருடையது. பத்தரை மணிக்குச் சேற்றுவெளிக்குப் போவது சந்தை கலைந்த பிறகு காய்கறி வாங்கப் போவது மாதிரி. பத்து மணிக்கு மேல் தரை சூடேறிக் கானல் எழும்பிவிடும். டெலஸ்கோப்பில் பார்த்தால் எந்தப் பறவைக்கும் கால் இருக்காது, பழுப்புப் புள்ளிகள் நெளிந்துகொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் தேர்ந்தவர்களே திணறுவார்கள். அவர் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனார் என்றால் நடை, உருவம், கூட்டத்தின் போக்கு இவற்றை வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அதை உங்களுக்கு விளக்கியிருக்கலாம். அது மட்டும் அவர்மேல் எனக்கும் குறைதான்.

ஆனால் 'குருவிகள்' என்று எழுதியதை நான் விடமாட்டேன். அவை உள்ளான்களும் உப்புக்கொத்திகளும், சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள். தஞ்சைப் பக்கத்துக்காரனான எனக்கு உள்ளான் முதலில் அறிமுகமானது கறியாக. சின்ன வயதில், பஸ் நிற்கும் இடங்களில் காலைக் கட்டிக் கொத்தாகத் தொங்கவிட்டு விற்பார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத்துக்குப் பிறகும் விற்றார்கள். உயிரோடு ஓர் உள்ளானை நான் ஒழுங்காகப் பார்த்தது நாற்பது வயதுக்கு மேல்தான், அதுவும் இதே கோடியக்கரையில். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அங்கே பல பத்தாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து வளையம் போட்டுவருகிறார்கள். பறவையியல் அறிஞர் சாலிம் அலி காலத்து வேலை அது. பீகாரின் மீர்ஷிகார்கள், பரம்பரையாகப் பறவை பிடித்தவர்கள், அந்தக் கைத்திறனை இந்த வேலைக்குக் கொடுத்தார்கள்.

வலையிலிருந்து எடுத்த பறவையைத் துணிப்பைக்குள் போட்டு, பையோடு தராசில் மாட்டினார்கள். கொசு உள்ளான். பையின் எடையைக் கழித்தால் இருபத்து மூன்று கிராம். கோழிமுட்டையில் பாதிகூட இல்லை. காலில் அலுமினிய வளையத்தைச் சின்ன இடுக்கியால் மூடியதும் அதை என் உள்ளங்கையில் வைத்தார் ஒருவர். நெஞ்சு துடிப்பது தனித்தனி அடியாகத் தெரியவில்லை, செல்போன் அதிர்வதுபோல ஒரே அதிர்வாக இருந்தது. அது பிறந்தது ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் எங்கோ. ஸ்காண்டிநேவியாவின் வடகோடியிலிருந்து சைபீரியா வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். உள்ளான்களில் பல இனங்களில் தாய் தந்தை முதலில் கிளம்பிவிடும். அந்த ஆண்டு பொரித்த குஞ்சுகள் சில வாரம் கழித்து, வழிகாட்ட யாரும் இல்லாமல், முன்பின் பார்த்திராத கடற்கரைக்குத் தாமாக வந்து சேரும். (வழிகாட்டி தேவையா என்று கேட்டவருக்கு இதைச் சொல்வது குறும்பு, மன்னியுங்கள்.)

அடுத்த முறை பெயரை மறந்துவிட்டு அவை சாப்பிடுவதை மட்டும் பாருங்கள். உப்புக்கொத்தி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். கண் பெரிது, பார்த்துப் பிடிக்கிற சாதி. உள்ளான் நிற்காது. தையல் மிஷின் ஊசிபோலச் சேற்றைக் குத்திக்கொண்டே போகும். அதற்கு மூக்கின் நுனிதான் விரல். அங்கே உணர்நரம்புகள் அடர்ந்திருக்கின்றன, சேற்றுக்குள் இருக்கும் புழுவைத் தடவியே கண்டுபிடிக்கும். கொசு உள்ளான் மேல்சேற்றோடு சரி. வளைமூக்கு உள்ளான் வயிறு நனைகிற தண்ணீரில் நின்று முகம் மூழ்கக் குத்தும். குதிரைமலைக் கோட்டான் (ஆந்தை அல்ல, இதுவும் கரைப்பறவைதான்) அரிவாள் போன்ற மூக்கை நண்டு வளைக்குள் முழுதாக விடும். ஒரே சேற்றில் அவரவர் மூக்கின் நீளத்துக்கு ஒரு பந்தி. இதைப் பிரித்தறிய ஒரு காலைப்பொழுது போதும். பெயர்கள் பிறகு தாமாக ஒட்டிக்கொள்ளும். 1967-இல் முக்கியமாக வெளிமானுக்காகச் சரணாலயமான இடம் அது. 2002-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததற்கு நீங்கள் ஒன்றுபோல இருக்கின்றன என்று சொன்ன இந்தக் கூட்டமும் ஒரு காரணம்.

இரண்டு நாள் மலை, இரண்டு நாள் கடல் என்ற திட்டத்தில்தான் எனக்கு மறுப்பு. சோலையில் அசையாமல் நின்று கேட்கப் பழகி முடிப்பதற்குள் வண்டியில் ஏற்றி, பார்த்து எண்ண வேண்டிய வெட்டவெளியில் இறக்கிவிடுகிறார்கள். பட்டியல் நீளும், அவ்வளவுதான்.

நீங்களே போகலாமா என்றால், கோத்தகிரிக்குத் தாராளமாகப் போகலாம். அனுமதி வேண்டிய இடங்களை வனத்துறையில் கேட்டுக்கொண்டால் போதும். கோடியக்கரைக்கு மட்டும் இன்னொரு முறை ஆள் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் அதே மனிதரை. உங்களிடம் டெலஸ்கோப் இல்லை, அவரிடம் இருக்கிறது. தண்ணீர் எந்தப் பக்கம் வற்றியிருக்கிறது என்பதும் அங்கே அடிக்கடி போகிறவருக்குத்தான் தெரியும். ஏப்ரல் தொடக்கத்தில் போனால் வளைமூக்கு உள்ளான்களில் சில செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருக்கும். பறவைக் கூட்டம் குறைந்திருக்கும், வெயில் கடுமையாக இருக்கும். உங்கள் மனைவிக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாயில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று முந்தின நாளே கேட்டுவைத்துக்கொண்டு, திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். விடுதிச் சிற்றுண்டிக்குக் காத்திருக்க வேண்டாம். வேதாரண்யத்தில் முதல் ஈடு இட்லி இறங்கியதும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.