பல் டாக்டரிடம் போவதற்கு முந்தைய இரவு: கேள்வி பதில்

மும்பை செம்பூர் பக்கம் 18 வருடமாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். ஊசிக்குப் பயந்துகொண்டே வருகிறவர்களை எப்படியும் சமாளித்து அனுப்பிவிடுவேன். 'ஏதாவது பெரிய வியாதி என்று சொல்லிவிடுவாரோ' என்று பயந்து வராமலே இருந்துவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. இந்த முறை மும்பைப் பக்கத்துப் பல இடங்களிலிருந்து நம் தமிழ் ஆட்கள் கேட்டதில் பாதி அந்தப் பயம்தான்.

முலுண்ட்: நாக்கின் பின்பக்கம் வரிசையாக மொட்டு மொட்டாக இருக்கிறது டாக்டர். மூன்று நாளாகத் தூக்கமில்லை. வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட். கேன்சர் என்று சொல்லிவிட்டால்? ரத்து செய்துவிடலாமா?

ரத்து செய்யாதீர்கள் அம்மா. நாக்கின் பின்பகுதியில் அம்பு முனை போன்ற வரிசையில் பொதுவாக 8 முதல் 12 பெரிய மொட்டுகள் எல்லோருக்கும் உண்டு. பிறந்ததிலிருந்தே இருப்பவை, சுவை அறிவதற்கானவை. நாக்கை வெளியே இழுத்து டார்ச் அடித்துப் பார்க்கும் அன்றுதான் அவை கண்ணில் படும். நீங்கள் பார்த்தது அதுதானா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. வியாழக்கிழமை டாக்டர் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆனால் இதே மொட்டுகளைக் காட்டி அழுதவர்களை என் நாற்காலியில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். டார்ச்சை எடுத்து வைத்துவிடுங்கள். விரலால் தடவித் தடவிப் பார்த்தால் அந்த இடம் புண்ணாகும், புண்ணைப் பார்த்துப் பயம் இன்னும் கூடும். இரவில் மனதில் ஓடுவதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, வியாழக்கிழமை வாயைத் திறக்கும் முன் டாக்டரிடம் கொடுங்கள். பயத்தையும் பல்வலி போலவே சொல்லத்தான் வேண்டும். சொன்னால்தானே அதற்குத் தகுந்த மாதிரி அவர் நிதானமாகப் பார்ப்பார்?

உண்மையிலேயே தள்ளிப்போடக் கூடாதவையும் உண்டு: இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பது குறைந்துகொண்டே வருவது. மூன்று விரலைச் செங்குத்தாக வைக்கும் அளவுக்கு வாய் திறக்கவில்லை என்றால், அதுவும் பாக்கு, குட்கா பழக்கம் இருந்தால், இந்த வாரமே காட்டுங்கள். மகாராஷ்டிராவில் 2012-இலேயே குட்காவைத் தடை செய்தாயிற்று. ஆனாலும் அந்த வாய்களை நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தாராவி: ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வருகிறது. போன தடவை நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டேன். இதயக் கோளாறா?

பெரும்பாலும் இல்லை தம்பி. பயத்தில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கி, மூளைக்கு ரத்தம் குறையும் மயக்கம் இது. படுக்கவைத்துக் காலைத் தூக்கிவிட்டால் தெளிந்துவிடும். இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. கை, தொடை, வயிற்றுத் தசைகளை 10-15 வினாடி இறுக்கிப் பிடியுங்கள், முகம் லேசாகச் சூடாகும். விட்டுவிட்டு அரை நிமிடம் கழித்து மறுபடி, இப்படி ஐந்து தடவை. வீட்டில் ஒரு வாரம் பழகிவிட்டு, கிளினிக்கில் தலை சுற்றும்போல இருந்தால் உடனே செய்யுங்கள். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக விட வேண்டும் என்பார்கள். பல்லுக்கு வாயில்தானே போடுகிறோம், இரண்டு கையையும் இறுக்கலாம்.

வெறும் வயிற்றோடு ஓடி வராதீர்கள். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, நாற்காலியைச் சாய்த்தே ஊசி போடச் சொல்லுங்கள். ஓடும்போதோ நெஞ்சுவலியோடோ மயக்கம் வந்திருந்தால் மட்டும் முதலில் இதய டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

டோம்பிவிலி: ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்தது. எனக்கு அலர்ஜியா?

மரத்துப்போகப் போடும் லிக்னோகெய்னில் பெரும்பாலும் அட்ரினலின் கொஞ்சம் கலந்திருக்கும், மருந்து அந்த இடத்திலேயே நிற்பதற்காக. அதனால் வரும் படபடப்பு சில நிமிடத்தில் அடங்கிவிடும். லிக்னோகெய்னுக்கு உண்மையான அலர்ஜி மிக அரிது. உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்திருந்தால் கதை வேறு, கட்டாயம் சொல்ல வேண்டும். எதுவானாலும் போன தடவை நடந்ததைச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

சயான் கோலிவாடா: அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. பல் பிடுங்க வேண்டும். ரத்தம் நிற்காது என்று பயந்து, ரத்தம் கட்டாமல் இருக்கச் சாப்பிடும் ஈகோஸ்பிரின் (ஆஸ்பிரின்) மாத்திரையை அவரே நிறுத்திவிட்டார்.

இன்றே அவருடைய இதய டாக்டருக்கு போன் செய்யுங்கள். பல் பிடுங்கிய இடத்து ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியோ தையல் போட்டோ நிறுத்திவிடலாம். ஸ்டென்ட்டில் அடைப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து. எந்த மாத்திரையையும் தானாக நிறுத்தக் கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மாட்டுங்கா: மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்று பாட்டி விடமாட்டேன் என்கிறார்.

போகாது. பார்வை நரம்பு வேறு, மேல் பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் வாயால் கேட்டால் நம்புவார்.

ஆன்டாப் ஹில்: நாயர் பல் மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார்கள். எனக்கு ஹிந்தி சரியாக வராது. வலித்தால் எப்படிச் சொல்வேன் என்பதே பெரிய பயம்.

மும்பை சென்ட்ரலில் இருக்கும் அது மாநகராட்சியின் பல் மருத்துவக் கல்லூரி. மாணவர்கள் சிகிச்சை செய்வார்கள், ஆசிரியர்கள் மேற்பார்வை பார்ப்பார்கள். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

வாய்க்குள் கருவி இருக்கும்போது எந்த மொழியும் பேச முடியாது அக்கா, அதனால் கைதான் மொழி. ஆரம்பிக்கும் முன்பே இடது கையைத் தூக்கிக் காட்டி, 'தர்த் ஹோகா தோ ஹாத் உட்டாவூங்கி' (வலித்தால் கையைத் தூக்குவேன்) என்று ஹிந்தியில் சொல்லிவிடுங்கள். அதுவும் வரவில்லை என்றால் கையைத் தூக்கிக்கொண்டே மராத்தியில் 'தாம்பா' என்றால் போதும். நிறுத்து என்று அர்த்தம். மருந்து சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வலித்தால் இன்னும் கொஞ்சம் போடுவார்கள்.